காய்ந்த பிறகு தெரிந்த கோடு

அருள்,

நான் நலம். நீயும் நலமாக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். போனை எடுக்காத மகனைப் பற்றி வேறு எப்படி வைத்துக்கொள்வது. முழங்கால் வலியில் மேசை முன்னால் அரை மணிக்கு மேல் உட்கார முடிவதில்லை. அதனால் இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். கையெழுத்து இடையில் மாறியிருந்தால் அது களைப்பு, வேறொன்றுமில்லை.

சனிக்கிழமை தேன்மொழி வந்திருந்தாள். வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்துப் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள், உட்காரவில்லை. "அத்தை, கல்யாணம் வேணாம்னு நான் சொல்லல. அவரு கள்ளக்குறிச்சிக்கு வந்து, நான் குடுத்த அதே எடத்துல ரத்தம் குடுக்கட்டும். அவரு அனுப்பிச்ச போட்டோ எனக்கு வேணாம். நான் சொன்னா சண்டை ஆவுது. நீங்க சொல்லுங்க" என்றாள். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று மாலையே உனக்குப் போன் செய்தேன். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் அறைக்கு வைத்திருக்கிற பெயரை வைத்து விளையாடினாய். "நம்பிக்கை இருக்கிறவன் எதுக்கும்மா நம்பிக்கை மையத்துக்குப் போவணும்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். கெட்டிக்காரத்தனமான வாக்கியம்தான். என்னிடமிருந்து உனக்கு வந்த குணம் அது. வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டால் விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது.

உனக்கு நடந்ததில் பாதிதான் தெரியும். மீதிப் பாதியை நான் மடித்துவைத்தேன். அப்படி எழுதுவது அலங்காரத்துக்காக இல்லை, நிஜமாகவே ஒரு தாளை மடித்தேன். அதைச் சொல்லாமல் உன்னிடம் எதையும் கேட்க எனக்கு வாய் இல்லை.

தவக்காலத்தில், கோயிலில் உங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்த மறுவாரம், தேன்மொழியை நான் டவுனுக்கு வரச்சொன்னேன். ரத்த வகை பார்க்க வேண்டும், சர்க்கரை பார்க்க வேண்டும், எங்கள் வீட்டில் இது வழக்கம் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கமும் கிடையாது. மலையில் நர்ஸாக இருக்கிற பெண், பிரசவம் பார்க்கிறாள், ஊசி பிடிக்கிறாள், ஒருமுறை எச்.ஐ.வி.யும் பார்த்துவிடுவது நல்லது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் அது இல்லை. அவள் மலைக்காரி என்பதுதான் காரணம். அவள் அப்பா மரவள்ளி போடுகிறவர், பெண் கேட்கப் போனபோது செருப்பில்லாமல் எதிரே வந்தார், எனக்கு அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று நேராகச் சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஒரு தாள் சொல்லட்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவளைக் கேட்காமல் அந்தச் சோதனையைச் செய்தது சட்டப்படியும் குற்றம். முப்பத்தோரு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவளுக்கு அது தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

கூட்டிப்போனது பரிதாவின் லேபுக்கு. பரிதா முன்பு எனக்குக் கீழே வேலை பார்த்தவள், இப்போது சொந்தமாக நடத்துகிறாள். ரத்தம் எடுத்ததும் தேன்மொழியை பஸ் ஏற்றிவிட்டு, கடைவீதியில் இரண்டு வேலை முடித்துக்கொண்டு திரும்பினேன். பரிதா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோதனை அட்டை மேசைமேல் இருந்தது. நான் யாரையும் கேட்காமல் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். அந்த அட்டையில் ஒரு கோடு எப்போதும் வரும். அட்டை வேலை செய்கிறது என்பதற்கான கோடு அது. இரண்டாவது கோடு வந்தால்தான் யோசிக்க வேண்டும். எனக்கு இரண்டாவது கோடு தெரிந்தது. மிக மங்கலாக, அழித்த பென்சில் கோடு மாதிரி.

"பரிதா, இது ரெண்டு கோடு."

"இல்ல மேடம், நான் இருபது நிமிஷத்துலயே பாத்துட்டேன். ஒன்னுதான் இருந்துச்சு. இது காய்ஞ்சப்புறம் வந்த கோடு. மணி இன்னா ஆவுது பாருங்க, ஒன்னே கால் மணி நேரம் ஆச்சு."

"எனக்கு நீ சொல்லித் தரியா?"

அவள் சாப்பாட்டுக் கையோடு நின்றாள். "நீங்கதான் மேடம் எனக்குச் சொன்னீங்க. அரை மணிக்கு மேல ஆன அட்டையக் குப்பையில போடுன்னு."

சொன்னேன்தான். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். குறித்த நேரத்துக்குள் படிக்காத அட்டை சாட்சி இல்லை. ஈரம் காயும்போது சாயம் பின்னால் இழுத்துக்கொண்டு வந்து இல்லாத கோட்டைப் போட்டுவிடும். அதுவும் தவிர, என் இடது கண்ணில் புரை விழுந்திருந்தது, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இத்தனையும் தெரிந்தும், "நான் பார்த்ததை எழுது" என்றேன். அவள் எனக்குப் பயந்தவள். ரியாக்டிவ் என்று எழுதினாள். ஆனால் அவள் மனசாட்சி கீழே பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தது: மறுபடி சோதித்து உறுதி செய்யவும். நான் வீட்டுக்கு வந்து அந்த வரியைப் பின்பக்கமாக மடித்துவிட்டு, படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். போனில் உன்னிடம் பாசிட்டிவ் என்று சொன்னேன். அவள் எழுதிய வார்த்தை ரியாக்டிவ்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நீ இதுவரை கேட்கவில்லை, நான் சொல்கிறேன். ரியாக்டிவ் என்றால் அந்த அட்டை எதற்கோ வினை காட்டியது என்று அர்த்தம். எதற்கு என்று அட்டைக்குத் தெரியாது. ஒரு நோயாளியைக்கூட விட்டுவிடக்கூடாது என்பதற்காக முதல் சோதனையை வேண்டுமென்றே சந்தேகப்பிராணியாகச் செய்திருப்பார்கள். அதனால் வேறு ஏதோ காரணத்துக்கும் அது கோடு போடும். நோய் வர வாய்ப்பே குறைவாக உள்ள ஒருவருக்கு முதல் அட்டை கோடு போட்டால், அது பொய்க்கோடாக இருக்கவும் நிறையவே வாய்ப்பு உண்டு. ஆகவே வேறு விதமாகச் செய்யப்பட்ட இரண்டாவது சோதனை, பிறகு மூன்றாவது. ஒரே வீட்டு ஆட்கள் மூன்று பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் ஒருவர் சொன்னதையேதான் மற்றவரும் சொல்வார். அதனால் மூன்றும் வேறு வேறு வகையாக இருக்க வேண்டும். மூன்றும் ஒரே பதில் சொன்னால்தான் பாசிட்டிவ் என்ற வார்த்தையை எழுதலாம். கல்யாணத்துக்கு ஆட்சேபனை உண்டா என்று மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிற சபையில் பிறந்து வளர்ந்தவள் நான். ஒரு மங்கல் கோட்டில் எல்லாவற்றையும் முடித்தேன்.

அதோடு நிறுத்தினேனா. ரிஷிவந்தியத்தில் உன் மாமாவிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்க்கா, மலைப்பக்கம் சம்பந்தம் இன்னாத்துக்குன்னு" என்றான். அவனிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. இரண்டாவது ஓலை வாசிக்க வேண்டாம் என்று பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. நீ தேன்மொழியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனை நிறுத்திக்கொண்டாய். அதில் உன் தப்பு பாதி. அம்மா லேபில் வேலை பார்த்தவள், அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தாய். நீ ஹாஸ்டலில் இருந்து எழுதிய கடிதங்களில் சிவப்பு மையால் பிழை திருத்தித் திருப்பி அனுப்பியவள் நான். மூன்று கடிதத்துக்குப் பிறகு நீ எழுதுவதை நிறுத்தினாய். பையன் சோம்பேறி என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர், "பிழை திருத்தக் கடுதாசியே வராது பாரு இனிமே" என்றார். நான் தப்பே செய்யமாட்டேன் என்று நீ நம்பும்படி வளர்த்தது நான்தான். அந்த நம்பிக்கையை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

விஷயம் அவள் காதுக்கு எட்டியதும் தேன்மொழி அழுதுகொண்டு யார் வீட்டுக்கும் போகவில்லை. அந்த வாரமே தனியாக நம்பிக்கை மையத்துக்குப் போனாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் அப்போதே என் வாசலுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. மூன்று மாதம் காத்திருந்து, ஜூனில் மறுபடி போய் ரத்தம் கொடுத்து, இரண்டு தாளோடு வந்தாள். "ஒரு வாட்டி பாத்துக்கினு வந்தா அது சரியான்னு கேப்பீங்க அத்தை. அதான் ரெண்டு வாட்டி" என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல், "ரியாக்டிவ்னா பாசிட்டிவ் இல்லன்னு எங்களுக்கே ட்ரெயினிங்ல மொத நாளு சொல்லிக் குடுத்தாங்க. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்" என்றாள். நான் இரண்டு தாளையும் பார்த்தேன். தேதி, முத்திரை, எல்லாம் சரியாக இருந்தன. மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அதிகம் சொன்னதில்லை என்பதால் அது சரியாக வரவில்லை. ஏதோ ரசீது கொடுப்பதுபோல இருந்தது. அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

அந்த இரண்டு தாளைப் பற்றி நான் போனில் சொன்னதும் நீயும் அவளைப் போய்ப் பார்த்தாய். அந்தச் சந்திப்பில் அவளிடம் ஏதோ உண்மை சொல்லியிருக்கிறாய். மே மாதத்தில், கல்யாணம் நின்றுபோன கோபத்தில், சென்னையில் நடந்தது. என்னவென்று அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொன்னது உனக்குப் பெருமை என்றே நினைக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு, அதன்பின் அவள் கேட்கிற ஒரே காரியத்தை அவமானமாக எடுத்துக்கொள்கிறாயே, அதுதான் எனக்குப் புரியவில்லை. உன்னைச் சந்தேகப்பட்டு அவள் கேட்கவில்லை. நீயே சொன்னதை வைத்துக் கேட்கிறாள்.

உன்னுடைய இரண்டு சமாதானங்களையும் அவள் சொன்னாள். மஸ்கட் போகும்போது விசாவுக்கு மெடிக்கல் எடுத்தார்கள், அதில் கிளியர் என்பது ஒன்று. அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய நீ. இதை எழுதும்போது எனக்கு ஒரு லாரி டிரைவர் ஞாபகம் வருகிறார். உளுந்தூர்பேட்டைப் பக்கத்து ஆள், வாட்டசாட்டமாக இருப்பார், லேபுக்குள் வந்தால் எல்லாரையும் சிரிக்க வைத்துவிடுவார். அவருக்கு இல்லை என்று வந்தது. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை வாருங்கள் என்றேன். "இன்னா சிஸ்டர், நீங்களே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு, மறுபடியும் வான்றீங்க. உங்க எழுத்து மேல உங்களுக்கே டவுட்டா?" என்றார். அதற்கு நானும் சிரித்தேன். அவர் வரவில்லை. அந்தத் தாளை லாமினேஷன் செய்து லாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறார். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் மனைவி கர்ப்பமாகிப் பரிசோதனைக்கு வந்தபோது, மூன்று சோதனையிலும் அந்த அம்மாவுக்கு இருப்பதாக வந்தபோது, அவர் லாரிக்கு ஓடிப்போய் அதைக் கழற்றிக்கொண்டு வந்தார். "நீங்க போட்ட கையெழுத்துதானே சிஸ்டர் இது" என்றார். கேலி செய்கிற குரலில் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என் கையெழுத்துதான். தப்பாகவும் எழுதவில்லை. மூன்று மாதம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவரை உட்காரவைத்துச் சொல்லவில்லை, சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அவரிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அந்த அட்டை கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமியை எதிர்க்க நம் உடம்பு ஓர் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறதே, அதைத்தான் பார்க்கிறது. உடம்பு அதை உண்டாக்கச் சில வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்வரை. அந்த இடைவெளியில் கிருமி உள்ளே இருந்தாலும் அட்டை ஒற்றைக் கோட்டோடு நிற்கும். லேபில் மெஷினில் செய்கிற புதிய சோதனை கிருமியின் ஒரு பகுதியையும் சேர்த்துப் பார்ப்பதால் ஒன்றரை மாதத்திலேயே பெரும்பாலும் சொல்லிவிடும். கிருமியையே தேடுகிற சோதனையும் உண்டு, அதுதான் எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்வது. அதற்கும்கூட முதல் பத்துப் பன்னிரண்டு நாள் கண் தெரியாது. ஆக, இல்லை என்று ஒரு தாள் சொன்னால் அது இன்றைய உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. சில வாரங்களுக்கு முந்தைய உன்னைப் பற்றிச் சொல்கிறது. தாளில் இருக்கிற தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணத் தெரியாதவன் கையில் அந்தத் தாள் ஆபத்தானது.

உன் இரண்டாவது சமாதானம் அந்த போட்டோ. நண்பன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கிட், ஈறில் தேய்த்துப் பார்த்தது, ஒரு கோடு. நல்ல கிட்டாகவே இருக்கலாம், நான் பழிக்கவில்லை. ஆனால் எச்சிலில் அந்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு, அதனால் விரலில் குத்திப் பார்ப்பதைவிட அது தாமதமாகவே காட்டும். நீ அதைச் செய்தது எப்போது? மே முடிவதற்குள் என்று தேன்மொழி சொன்னாள். நடந்ததற்கும் அதற்கும் இடையில் மூன்று வாரம்கூட இருக்காது என்று நினைக்கிறேன். மூன்று வாரத்தில் எச்சிலில் பார்த்தது பதிலே இல்லை, அருள். கேள்வியைச் சீக்கிரமாகக் கேட்டுவிட்டாய். அதற்குமேல் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாய். எந்த நிமிஷத்தில் எடுத்தாய், எந்த வெளிச்சத்தில் பார்த்தாய் என்று போட்டோவில் தெரியாது. மடித்த தாளைப் போட்டோ எடுத்து அனுப்பியவள் சொல்கிறேன், போட்டோவில் எதுவும் தெரியாது.

இப்போது ஆகஸ்ட். நாள் கணக்கு உனக்கு மட்டும்தான் தெரியும், நீயே எண்ணிக்கொள். மூன்று மாதம் தாண்டியிருந்து, அதன்பின் வேறொன்றும் நடக்கவில்லை என்றால், இந்த வாரம் வருகிற பதில் முடிவான பதில். தாண்டவில்லை என்றால் இந்த வாரமும் கொடு, பிறகு மறுபடியும் கொடு. அங்கே இருக்கிற ஆலோசகரிடம் தேதியை மறைக்காமல் சொல். அவர்கள் உன்னைத் திட்ட உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை, யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். நான் செய்ததை அவர்கள் செய்யமாட்டார்கள்.

பதில் வேறு மாதிரி இருந்தால் என்ன என்று நீ பயப்படுகிறாய். நான் அதையும் நினைத்துப் பார்த்துவிட்டேன். கிழவிகளுக்கு நினைத்துப் பார்க்க நேரம் நிறைய உண்டு. அந்த டிரைவரின் மனைவி மாத்திரை சாப்பிட்டார். குழந்தை பிறந்ததும் அதற்கும் மருந்து கொடுத்தார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குழந்தை ரத்தத்தில் ஒன்றரை வருஷம்வரை இருக்கும், அதனால் அட்டையில் பார்த்தால் கோடு வரத்தான் செய்யும், அதை நம்பக்கூடாது என்று அந்த அம்மாவிடம் நான் நாலைந்து முறை உட்காரவைத்துச் சொன்னேன். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தோம். இல்லை. அந்தக் குழந்தை இப்போது காலேஜ் போகிறாள். அப்போதே அப்படியென்றால் இப்போது மருந்து இன்னும் நன்றாக இருக்கிறது. தினமும் சாப்பிட்டுக் கிருமியை அடக்கி வைத்திருப்பவரிடமிருந்து துணைக்கு அது போவதில்லை. இருந்தால் இருக்கட்டும், வழி உண்டு. தெரியாமல் இருப்பதற்கு மட்டும்தான் வழி கிடையாது.

தேன்மொழி உனக்காக எவ்வளவு நாள் காத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை அவள் கோபமாக இல்லை, களைப்பாக இருந்தாள், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. கோபக்காரர்கள் திரும்பி வருவார்கள். அவள் போகும்போது, "வியாழக்கிழமை லீவு போட்டிருக்கேன் அத்தை. பத்து மணிக்கு மையத்துக்கு வந்துடுவேன். பன்னெண்டு வரைக்கும் இருப்பேன்" என்றாள். பன்னிரண்டுக்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வரும் வியாழன், அருள். அதற்குள் உன் கைக்கு வரட்டும் என்றுதான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். சென்னையிலிருந்து விடிகாலைப் பஸ் பிடித்தால் வந்துவிடலாம். ஒன்பதரைக்கே போய் நில். அவளைக் காக்கவைக்காதே.

நான் வரமாட்டேன். பதில் கைக்கு வந்ததும் அவளிடம் கொடு, அவள் படிக்கட்டும். என்னிடம் காட்ட வேண்டாம், போட்டோ எடுத்து அனுப்பவும் வேண்டாம். என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கமாட்டேன். வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் ரத்தத்தைப் பற்றி எழுதியாயிற்று, இந்த ஒன்று எனக்குத் தெரியாமல் இருக்கட்டும். வியாழக்கிழமை மூன்று பேருக்குச் சமைப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் உட்கார்ந்து சாப்பிடலாம்.

அம்மா